கொண்டையை அவிழ்த்த வருடம்

ஜூலை 9, 2024, செவ்வாய். ஆம்பூர்

எனக்குப் புற்றுநோய் இல்லை. இங்கேயாவது அதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு நான் போனது உண்மை. முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டதும் உண்மை. இரண்டையும் சேர்த்து, சபையின் மாதர் சங்கம் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. காலையில் டேனியல் துபாயிலிருந்து கூப்பிட்டு அழுகிறான். “எந்த ஸ்டேஜ்னு மட்டும் சொல்லும்மா.” யார் சொன்னது என்று கேட்டேன். “சர்ச் குரூப்ல உனக்காக ஜெபம் பண்றாங்களே.”

நான் போனது தோல் பிரிவுக்கு. பெற்ற மகனுக்கே அதை விளக்க வேண்டியதாயிற்று.

ஜூலை 10

தோல் பிரிவில் என்னைப் பார்த்த பெண் டாக்டர் சொன்னது: நெற்றியிலும் காதோரத்திலும் முடி போனதற்கு வயது காரணமல்ல, என் கொண்டைதான் காரணம்.

கான்வென்டில் ஒரு மயிரிழை பறந்தாலும் சிஸ்டர் வெளியே நிறுத்துவார். அன்று இழுத்துக் கட்டத் தொடங்கியவள். கணவர் இறந்த பிறகு பூவை விட்டேன், கொண்டையை விடவில்லை. காதோரம் மண்டை தெரிய ஆரம்பித்ததும் அதை மறைக்க இன்னும் இழுத்துச் சீவினேன். கொண்டை சிறுத்ததும் சவுரி வைத்து, விழாமலிருக்கப் பின் மேல் பின்னாகக் குத்தினேன். மறைப்பதற்குச் செய்ததெல்லாம் வேரைப் பிடுங்கியிருக்கிறது.

“கட்டும்போது வலிக்குமா?” என்று கேட்டார். “வலித்தால்தானே ஒழுங்காகக் கட்டியதாக அர்த்தம்” என்றேன். அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார்.

தோல் பளபளவென்று ஆகிவிட்ட இடத்தில் இனி வராதாம். பூனைமுடி மிச்சமிருக்கும் இடத்தில் வரலாம், நான் மறுபடி இழுக்காமல் இருந்தால். சவுரியும் ரப்பர் பேண்டும் கூடவே கூடாது. ஈரத்தலையைக் கட்டக்கூடாது, தூங்கும்போது அவிழ்த்துவிட வேண்டும், பின்னினாலும் தளர்வாக. தடவ ஒரு மருந்து. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

ஆகட்டும்.

ஜூலை 28, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சங்கத் தலைவி எஸ்தர் ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தாள்.

“அக்கா, நீங்க ரெஸ்ட் எடுங்க. செக்ரட்டரி வேலைய நான் பாத்துக்கிறேன்.”

நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள். “கொண்டை போட்டா முடி போவுமா? எங்கம்மா கடைசி வரைக்கும் கொண்டைதான். சொல்ல மனசு வரலன்னா வுடுங்கக்கா, நாங்க கேக்க மாட்டோம்.”

நான் பொய் சொல்கிறேனாம். அதைப் பெருந்தன்மையோடு மன்னிக்கவும் செய்கிறாள். ஆப்பிள் மாவாக இருந்தது.

ஆகஸ்ட் 14

மருந்து பட்ட இடமெல்லாம் அரிக்கிறது. மாற்றம் ஒன்றும் இல்லை. நிறுத்தப்போவதில்லை.

செப்டம்பர் 30

காதோரம் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பக்கத்து வீட்டு அக்தர் பானுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“நெசம்தான், மொளைக்குது. ஆனா வெள்ளையா வருது.”

“பின்னே எப்படி வரும்?”

“இவ்ளோ செலவு பண்ணியே, கறுப்பா வர்ற மருந்தா கேட்டு வாங்கக் கூடாதா?”

அவளிடம் மட்டும்தான் இந்த வருடம் சிரித்திருக்கிறேன்.

அக்டோபர் 5, சனி

நாளை மாதர் ஞாயிறு. ஆண்டறிக்கையை எப்போதும் செயலாளர்தான் வாசிப்பது. எஸ்தர் வாசிக்கப் போகிறாளாம்.

அக்தர் பானு சொல்கிறாள்: “ஒரே ஒரு நாளு. சவுரிய வெச்சு, பழையபடி கொண்டை போட்டுக்கினு போய் நில்லு. எல்லார் வாயும் மூடிக்கும். இன்னா கொறஞ்சு போயிடும்?”

மாலையில் கண்ணாடி முன் உட்கார்ந்து இழுத்துப் பார்த்தேன். பாதி சீவும்போதே நெற்றிப்பொட்டில் அந்தப் பழைய வலி. சீப்பில் குட்டையாக, வெள்ளையாக இரண்டு முடி. புதிதாக வந்தவை.

இவர்களுக்காகவா? எதற்கு? மாட்டேன். சவுரியைக் குப்பையில் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

தளர்ந்த பின்னலோடு போனேன். நெற்றியோரம் வெறிச்சென்று இருந்தது. முக்காடு போடவில்லை.

மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருக்கும்போதே, “கொடிய நோயோடு போராடும் நம் சகோதரி ரெஜினாவுக்காக” என்று போதகர் ஆரம்பித்தார். எழுந்து நின்றேன்.

“ஐயா, எனக்கு எந்த நோயும் இல்லை. கொண்டையை வருடக்கணக்காக இறுக்கிக் கட்டியதில் முடி வேரோடு போய்விட்டது. மருந்து தடவுகிறேன். உங்கள் ஜெபத்தை உண்மையாகவே நோயில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள்.”

போதகர் அடுத்த ஜெபத்துக்குப் போய்விட்டார். அறிக்கையை எஸ்தர்தான் வாசித்தாள். ‘உடல்நலக் குறைவால் விலகிய முன்னாள் செயலாளர்’ என்று என்னைப் பற்றி ஒரு வரி.

வெளியே குழாயடியில் கிறிஸ்டினா காத்திருந்தாள். ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருப்பவள். தலையைக் குனிந்து காட்டினாள். “ஆன்ட்டி, எனக்கும் இங்க போயிக்கினே இருக்கு. கம்பெனித் தொப்பிக்குள்ள அடங்கணும்னு டைட்டா முடிஞ்சுதான் போறேன். சாயங்காலம் மண்ட விண்விண்ணுன்னு வலிக்குது. திரும்ப வருமா?”

பூனைமுடி இருந்தது. வரும் என்று நினைக்கிறேன், ஆனாலும் டாக்டரிடம் காட்டு என்றேன். இன்னும் இரண்டு பெண்கள் அவள் பின்னால் நின்றிருந்தார்கள்.

அக்டோபர் 9, புதன்

அந்த வரியைப் பற்றிக் கேட்டால் எஸ்தர் போனில், “பாக்கலாம்க்கா, பாக்கலாம்” என்கிறாள். இன்று தபாலில் சேர்த்ததன் நகல்:

‘அன்புள்ள எஸ்தர்,

நான் விலகவில்லை. விலகுவதாக யாரிடமும் சொல்லவும் இல்லை. அறிக்கையில் அந்த வரியைத் திருத்த வேண்டும். நான் செயலாளராகத் தொடர்கிறேனா, இல்லையா? இல்லையென்றால், எந்தக் காரணத்தால், எந்தக் கூட்டத்தில் முடிவானது?

நவம்பர் கூட்டத்தில் அரை மணி நேரம் எனக்கு ஒதுக்க வேண்டும். கம்பெனிக்குப் போகும் பெண்கள் தொப்பிக்குள் முடியை இழுக்காமல் கட்டும் முறையைக் கேட்கிறார்கள். வேலூரிலிருந்து டாக்டர் வரச் சம்மதித்திருக்கிறார். கிறிஸ்டினா ஏற்கெனவே பதினோரு பெயர் சேர்த்துவிட்டாள். நான் செயலாளராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடக்க வேண்டும்.

போனில் பதில் வேண்டாம். இரண்டுக்கும் எழுத்து மூலம் பதில் அனுப்பவும்.

ரெஜினா’