எழுத்துத் தலையில் பேன்

நேற்று கைப்பேசியில் ஒரு பெயர் அடிக்க வேண்டியிருந்தது. என் மகள் வேலை பார்க்கும் இடத்தின் முதலாளியம்மா பெயர், பிரெஞ்சுக்காரர். e எழுத்தின் மேல் விரலைக் கொஞ்ச நேரம் அழுத்தியிருந்தேன். é, è, ê, ë என்று கோடு போட்டதும் தொப்பி வைத்ததும் புள்ளி வைத்ததுமாக வரிசையாக வந்து நின்றன. உடனே உன் ஞாபகம். எரிச்சலோடுதான் வந்தது.

செத்தவனைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். எனக்கு அது வரவில்லை. உனக்கே எழுதுகிறேன், நீயே கேட்டுக்கொள்.

எண்பதுகளில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாம் இருவரும் கூட்டாக டைப்ரைட்டிங் கடை போட்டபோது, வீரசோழன் கிராமத்திலிருந்து ஒருவர் வெளிநாட்டுக் கடிதம் அடிக்க வருவார். பெயரில் é இருக்கும். நான் e அடித்து, ஒரு தட்டு பின்னால் தள்ளி, அதன் தலையிலேயே ஒற்றை மேற்கோள் குறியை அடிப்பேன். நீ எட்டிப் பார்த்துச் சிரிப்பாய். "ஏலே, எழுத்துத் தலையில என்னலே பேனு? நசுக்கிட்டு அடி. வெள்ளைக்காரன் புரிஞ்சுக்கிருவான்." ஒருவனுடைய பெயர் அவனுக்கு எப்படி வேண்டுமோ அப்படி இருக்கட்டும் என்கிற மரியாதைகூட உன்னிடம் கிடையாது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. நான் எண் விசைகளைத் தட்டி é வரவழைக்கக் கற்றுக்கொண்டேன். நீ கம்ப்யூட்டர் நிபுணன் என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டாய். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் கம்ப்யூட்டருக்குள் é, ñ, õ எழுத்துகளுக்கு ஒதுக்கிய அதே இடங்களில்தான் குடியிருந்தன. எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் தமிழ் தெரியும்; இல்லாத கம்ப்யூட்டரில் தொப்பியும் கொம்பும் வைத்த ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கும். இதை உனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். கொட்டாவி விடுவாய்.

தொண்ணூறுகளின் கடைசியில் ராமலிங்கம் அண்ணன் வந்தார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கையில் தறி. சொந்தமாகச் சாயம் கலந்து பருத்திச் சேலை நெய்கிறவர். பாண்டிச்சேரி ஏஜெண்டு ஒருவர், பிரெஞ்சு அம்மா ஒருத்திக்குக் காட்ட இணையத்தில் ஒரு பக்கம் போடச் சொல்லியிருந்தார். பிடித்தால் சாம்பிள், பிறகு ஆர்டர். கிடைக்காவிட்டால் தறியை விற்றுவிட்டுத் திருப்பூர் போக வேண்டியதுதான் என்று அவர் நம் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். நீ தலையாட்டினாய். பிரெஞ்சு அம்மா படிக்க வேண்டிய பக்கத்தை முழுக்கத் தமிழிலேயே அளந்து வைத்தாய். சேலைப் படம் போட்டால் திறக்க நேரமாகுமாம். போட்ட ஒரே படம், கம்ப்யூட்டரில் சாய்ந்துகொண்டு நிற்கும் நீ.

சில நாளில் அண்ணன் பதறி வந்தார். "தம்பி, ஏஜெண்டு போன் பண்ணாக. கொம்பும் புள்ளியுமா எழுத்து வருதாம். ஒண்ணும் வெளங்கலையாம்."

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு நீ சொன்னாய்: "அண்ணே, அது பிரெஞ்சுதேன். அங்கிட்டுப் போனதும் தமிழு தானா மாறிக்கிரும். கம்ப்யூட்டருன்னா சும்மாவா?"

அண்ணனை ஏமாற்றுகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, நீ அதை நிஜமாகவே நம்பினாய். ஏமாற்றுக்காரனைக்கூட மதிக்கலாம், அவனுக்காவது விஷயம் தெரியும். "ஏலே, அது பிரெஞ்சு இல்ல, நம்ம தமிழுதேன். அங்க எழுத்துரு இல்ல" என்றேன். "நீ டைப் அடிக்கிற சோலிய மட்டும் பாரு" என்று அவர் முன்னாலேயே வாயை அடைத்தாய். பேச்சுக்காரனைத்தான் ஊர் நம்பும். அவரும் நம்பினார்.

மறுபடி ஏஜெண்டு கூப்பிட்டபோது போனை எடுத்தது நான். என்ன பாஷை என்றே தெரியவில்லை என்று அந்த அம்மா பாதியிலேயே மூடிவிட்டாராம். வேறு ஊர்ச் சேலையைத் தேடிப் போய்விட்டாராம். உன்னிடம் சொன்னேன். "அண்ணன்ட்ட நான் பேசிக்கிறேன்" என்றாய். அந்த மாசமே நான் கூட்டை முறித்துக்கொண்டு திருச்சுழிப் பக்கம் தனியாகக் கடை போட்டேன். அண்ணன் தறியை விற்றுத் திருப்பூர் போனார்.

உன் சாவுக்கு அவர் வந்திருந்தார், தெரியுமா? பஸ்ஸில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, மாலையோடு. பந்தலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மூட்டை கட்டினாராம். தறிப் பக்கமே போகவில்லையாம்.

"இவுக நல்லாத்தேன் செஞ்சு குடுத்தாக. அந்தம்மா பிரெஞ்சுலயே எல்லாத்தையும் படிச்சாகளாம். என் கலருதேன் பிடிக்கலையாம். இவுகளே வந்து சொன்னாக. அதுக்கப்புறம் சாயத்துல கைய வைக்கவே கூசிப் போச்சு."

நீ இப்படிச் சொல்லியிருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். நீ பந்தலுக்கு நடுவில் மூக்கில் பஞ்சோடு கிடந்தாய். இல்லாவிட்டால் எழுப்பிக் கேட்டிருப்பேன்.

"அண்ணே, அதுல சேலைப் படமே கிடையாது. அந்தம்மா உங்க கலர பாக்கவே இல்ல" என்றேன்.

அவர் கோபப்படுவார், மாலையைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, கலரு நல்லாத்தான இருந்துச்சு?"

நல்லாயிருந்துச்சுண்ணே என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எழுந்து போய் உனக்கு மாலையைப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான்.