வாத்துப் படம் போட்ட துணி

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் வயிற்றுக்கு ஒரு கோளாறும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்துவிட்டோம், நாங்கள் பார்த்துவிட்டு வந்த தண்ணீருக்கு அதுவே பெரிய விஷயம். நீயும் அங்கே சளி, இருமல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நான் பாதி சொல்லும்போதே நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நான் கத்துவேன், அப்புறம் சொல்ல வந்தது போய்விடும். அதனால் பொறுமையாகக் கடைசி வரைக்கும் படி, நடுவில் தாவாதே.

ஆற்றில் மிதந்துகொண்டே ஊர் ஊராகப் பார்க்கலாம், அப்படியே நான் கட்டிக்க நினைக்கிறவரையும் பார்த்துட்டு வாங்கம்மா, நீங்க யாருன்னு அவர்கிட்ட நான் சொல்லலை, உனக்குப் பிடிக்கலைன்னா இந்தப் பேச்சையே விட்டுடறேன் என்று சொல்லித்தானே எங்களைப் படகில் ஏற்றிவிட்டாய். படகில் இன்ஜினியர் என்று வேறு சொன்னாய். நானும் வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனேன். ஏறிய அன்றே நடைபாதையில் தரைப்பலகை ஒன்று திறந்தது, உள்ளேயிருந்து ஒரு ஆள் தலையை நீட்டினான், முழங்கை வரைக்கும் என்னவோ பழுப்பாக வழிந்துகொண்டிருந்தது, வாசனையைப் பற்றி எழுதினால் இந்தக் காகிதமே நாறும். நீ அனுப்பிய போட்டோவில் இருந்த அதே முகம். வணக்கம் மேடம், கொஞ்சம் ஓரமா போங்க, இங்க கழிவுக் குழாய் திறந்திருக்கு என்றான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அப்பாவுக்கு மட்டும் நன்றாகவே இறங்கியது, அவருக்கு எது இறங்காமல் போயிருக்கிறது.

அதற்கப்புறம் அந்தப் பையனை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தக் கைதான் தெரிந்தது. கரையில் இறங்கும்போதெல்லாம் வயசானவர்களுக்குக் கை கொடுத்து இறக்கிவிடுவான், நான் வேண்டாம் என்று கம்பியைப் பிடித்துக்கொள்வேன், அப்புறம் கம்பியைத் தொட்டதற்காகக் கையைத் துடைத்துக்கொள்வேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா, வீட்டுக்கு யார் வந்தாலும் கை துடைக்கத் தனித் துண்டு எடுத்து வைக்கிறவள் நான். நம்ம பெண்ணை இந்தக் கையிலா பிடித்துக் கொடுப்பது, முடியவே முடியாது என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் வழக்கம்போல, நீ சொன்னா சரி, ஆனா பையன் நல்லாப் பேசறான் என்று இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

கடைசி நாள் அந்தக் கால்வாய் நகரம். அதைப் பார்க்கவா அத்தனை பேர் அலைகிறார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். தெரு இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் தண்ணீர், தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் படகு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, புகை கக்கிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கின்றன. தண்ணீர் பச்சையா கறுப்பா என்று சொல்ல முடியாது, மேலே எண்ணெய் மினுமினுக்கிறது, அதில் ஒரு செருப்பு, தர்பூசணித் தோல், பாட்டில், இன்னும் நான் பெயர் சொல்ல விரும்பாத சிலது. ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து ஒருத்தி வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்க்கிறாள், அதற்கு நேர் கீழே ஒருவன் வாய் கொப்பளிக்கிறான். எங்கள் கூட வந்த தொப்பிக்காரி, அவள்தான் எங்கள் பக்கத்து அறை, எவ்வளவு அழகு எவ்வளவு அழகு என்று போட்டோ எடுத்துக்கொண்டே பாதி கடித்த ரொட்டியைத் தண்ணீரில் எறிந்தாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, சீக்கிரம் படகுக்குப் போனால் போதும் என்று உன் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கேதான் வருகிறது விஷயம். படகுக் கழிவறையை எத்தனையோ பேர் உட்கார்ந்த இடம் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு கூசும், அதனால் கிளம்பும்போதே துடைக்கிற துணி ஒரு கட்டு எடுத்துப் போயிருந்தேன். நீ சின்ன வயசில் இழுத்துக்கொண்டே திரிவாயே, வாத்துப் படம் போட்ட போர்வை, அதைக் கிழித்ததுதான். அதில் ஒரு துண்டைத்தானே நீ தலையணை உறையாகத் தைத்து எடுத்துப் போனாய். கழிவறையைத் துடைத்த துணி திரும்ப அறைக்குள் வரக்கூடாது என்பது என் சட்டம். காகிதத்தைத் தவிர எதையும் உள்ளே போடாதீர்கள் என்று சுவரில் படத்தோடு போட்டிருந்தது, நானும் பார்த்தேன். நைந்த துணிதானே, காகிதத்தை விட மெல்லிசு என்று ஒவ்வொரு நாளும் உள்ளே போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டேன். ஊரைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு வந்த அந்தக் கடைசி நாளில், கீழ்த்தட்டு முழுக்கக் கழிவறைகள் பொங்கி, நடைபாதை விரிப்பெல்லாம் ஊறிப் போய், அந்தக் கண்றாவியை என்னவென்று எழுத. தொப்பிக்காரி நாற்காலி மேல் ஏறி நின்று கத்துகிறாள்.

உன் ஆள் வந்தான். தரைப்பலகையைத் தூக்கி, கையைத் தோள் வரைக்கும் விட்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு துழாவினான். எல்லோரும் தள்ளிப் போனார்கள், எனக்கு மட்டும் நகர முடியவில்லை. வெளியே வந்தது துணி. ஒன்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அந்த அசிங்கத்திலும் மஞ்சள் வாத்து பளிச்சென்று தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான், அப்புறம் மளமளவென்று கறுப்புப் பையில் போட்டுக் கட்டிவிட்டான். படகு மேனேஜர் மூக்கில் கைக்குட்டையோடு வந்து, யார் என்ன போட்டாங்கன்னு இப்பவே தெரியணும் என்று சத்தம் போட்டார். யாரும் ஒண்ணும் போடலை சார், கால்வாய்க் குப்பை தண்ணியோட சேர்ந்து ஏறிடுச்சு, வடிகட்டியை நான் காலையில பார்த்திருக்கணும், என் தப்புதான் என்றான் அவன். அத்தனை பேர் முன்னால் அந்த மனிதர் அவனை வாய்க்கு வந்தபடி பேசினார், உன்னை மாதிரி சாக்கடைப் பயலை வேலைக்கு வச்சதுக்கு எனக்கு இது வேணும் என்றார். தொப்பிக்காரி கை தட்டினாள். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா என்று உன் அப்பா என் காதில் கேட்டார். நான் அவர் தொடையைக் கிள்ளி வாயை அடைத்துவிட்டேன். அடி பெண்ணே, அந்த ஊர்த் தண்ணீர் நாறியதுகூட எனக்கு அப்படிக் குமட்டவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்ற என்னை நினைத்தால்தான் குமட்டியது, இப்போதும் குமட்டுகிறது.

இறங்குகிற நேரம் அவன் கரைக்குப் போட்ட பலகை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். குளித்து, சட்டை மாற்றி, தலை சீவி இருந்தான். எல்லோருக்கும் கை கொடுத்தான். என் முறை வந்ததும் நான் கம்பியைத்தான் பிடிப்பேன் என்று தெரிந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பலகை வழுக்குது, பார்த்து இறங்குங்க அத்தை என்றான். அதுவரைக்கும் மேடம், மேடம் என்றவன். எனக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. உன் அப்பா, உனக்கு எப்பத் தெரியும்ப்பா என்று கேட்டார். இன்னைக்குத்தான் மாமா, அந்த வாத்துத் தலையணை இல்லாம உங்க பொண்ணு எங்கயும் போகமாட்டா, உங்க அறைக் குழாய்ல இருந்து அதே துணி வெளிய வந்ததுமே தெரிஞ்சுபோச்சு என்றான். சொல்லிவிட்டு, என் தலை குனிவதைப் பார்க்க வேண்டாம் என்று ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். பொய் சொல்லமாட்டேன், ஸ்டேஷனில் சோப்புப் போட்டுக் கை கழுவினேன், இரண்டு தடவை. ஆனால் அது கம்பியைத் தொட்டதற்காக என்று உன் அப்பாவிடம் சொன்னேன், அவரும் நம்புகிற மாதிரி தலையாட்டினார். துணி போட்டது நான்தான், அந்தப் பையன் இல்லை என்று மேனேஜருக்கு எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன், நாளை இதோடு சேர்த்துத் தபாலில் போட்டுவிடுவேன்.

இங்கே மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. மாடித் தொட்டியைக் கழுவ ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறான், அந்த ஆள் வருவதற்குள் நானே கழுவிவிடுவேன் என்று உன் அப்பா என்னைக் கேலி செய்கிறார். அவருக்கு ரத்த அழுத்த மாத்திரையை நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. நீ தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. அந்தத் தலையணை உறையை வெந்நீரில் துவைக்கிறாயா இல்லையா, எனக்கு ஒரு வரி எழுது.

இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள், அப்பாவின் ஆசீர்வாதமும் இதிலேயே இருக்கிறது. லீவு கிடைத்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு வா. கை கழுவச் சொல்லி நீ ஒன்றும் அவனிடம் சொல்லிவைக்க வேண்டாம். தனித் துண்டு எடுத்து வைக்கமாட்டேன், நாங்கள் துடைக்கிற துண்டிலேயே துடைத்துக்கொள்ளட்டும்.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்,
அம்மா