பத்து கிலோஹெர்ட்ஸ் தள்ளி

பிரிக்பீல்ட்ஸ்,
12 ஆகஸ்ட் 2025.

அன்புத் தம்பி முகுந்தனுக்கு,

அக்கா குமுதா எழுதிக்கொள்வது. நானும் மாமாவும் இங்கே சுகம். அங்கே தாவாவில் மழை எப்படி, செம்பனை எண்ணெய் ஆலையில் இன்னும் இரண்டு ஷிப்ட் பார்க்கிறாயா என்றெல்லாம் கேட்க ஆசைதான். முதலில் கையெழுத்தைப் பார்த்ததும் இதைக் கிழித்துப் போடாமல் இரு. இரண்டு நாளாக உனக்குப் போன் அடித்துப் பார்த்தேன், போகவில்லை. தம்பி என்னை பிளாக் செய்துவிட்டான் என்று மாமா சிரிக்கிறார். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சித்திரையில் நீ ஒரு செய்தி அனுப்பினாய். ஒவ்வொரு ஞாயிறும் மாலை ஆறு மணிக்கு ரேடியோவில் 7060 கிலோஹெர்ட்ஸில் மோர்ஸ் தந்தி அனுப்புவேன், பதில் வேண்டாம், அக்கா கேட்டால் போதும், கோபம் தணிந்த பிறகு கூப்பிடட்டும் என்று. எனக்குக் கோபம் அப்போதே பாதி போய்விட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

என் முதல் சம்பளத்தில் கிள்ளான் பழைய சாமான் கடையில் நாம் இருவரும் போய் வாங்கினோமே, அந்த இங்கிலாந்து ரேடியோவை அலமாரியிலிருந்து இறக்கினேன். அதன் முகப்பில் ஏழு மெகாஹெர்ட்ஸ் என்பது ஒரு விரல் அகலம்தான். என் கண்ணுக்கு அந்த முள்ளும் கோடும் ஒன்றாகத் தெரிகின்றன. ஆகவே அலைவெண்ணை எண்ணாகக் காட்டும் சின்னப் பலகை ஒன்றை இணையத்தில் வரவழைத்தேன். தொலைபேசி இலாகாவில் முப்பது வருடம் சால்டரிங் பிடித்த கை, சும்மா இருக்குமா? முகப்பில் ஓட்டை போட்டால் நீ என்னைக் கொன்றுவிடுவாய் என்று, பின்பக்கமாக ஒரு மெல்லிய கம்பியை மட்டும் உள்ளே விட்டு, பலகையை மேலே பிஸ்கட் டின்னில் உட்கார வைத்தேன். நீல எண்கள் எரிந்ததும் எனக்கு என்னவோ தாவாவே அந்த டின்னுக்குள் வந்து இறங்கியதுபோல் இருந்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள். சன்னல் கம்பியில் ஆன்டெனா ஒயரைக் கட்டி, விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பேன். கீழே பூக்கடைகளில் தண்ணீர் தெளிப்பார்கள், மல்லிகை வாசம் ஏழாவது மாடி வரைக்கும் வரும். 7060 என்று எண் அசையாமல் நிற்கும். காதுக்குள் கடல் மாதிரி ஓர் இரைச்சல். எங்கோ ஒருவர் சீன மொழியில் பேசுவார், மறைவார். அந்த இரைச்சலைக் கேட்டபடி தூங்கியும் போயிருக்கிறேன். கனவில் நீ மேசையில் ஸ்பூனால் மோர்ஸ் தட்டுவாய், அம்மா திட்டுவார். விழித்துப் பார்த்தால் ஏழு மணி. உன் சத்தம் மட்டும் இல்லை.

பதினான்கு ஞாயிறு. பதினான்காவது அன்று மனம் கசந்துபோய் அந்த வாட்சப்பை அனுப்பினேன். அம்மாவின் சாவுக்குத்தான் நேரத்துக்கு வரவில்லை, சொன்ன சொல்லுக்கும் நீ வரமாட்டாய், இனி எனக்குத் தம்பி இல்லை என்று. அதை இப்போது எழுதவே கை கூசுகிறது.

போன வெள்ளிக்கிழமை நல்ல மழை. சும்மா முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, நொடிக்கு நொடி டிக் டிக்கென்று நேரம் சொல்லும் நிலையம் ஒன்று கிடைத்தது. அது பத்து மெகாஹெர்ட்ஸை விட்டு ஒரு மயிரிழை நகராது, உனக்கே தெரியும். 10,000 என்று காட்ட வேண்டிய என் பலகையோ 10,010 என்று காட்டியது. முதலில் அந்த நிலையத்தைத்தான் சந்தேகப்பட்டேன், பார்த்துக்கொள் என் திமிரை! பிறகுதான் ரேடியோவைக் கவிழ்த்து அடித்தகட்டில் அச்சடித்திருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். இந்தப் பலகை, ரேடியோவுக்குள் ஓடும் அலையை எண்ணி, அதில் ஒரு நிலையான எண்ணைக் கழித்துவிட்டுக் காட்டுகிறது. கடையிலிருந்து வரும்போதே 455 என்று வைத்திருந்தார்கள். நம்முடைய பழைய இங்கிலாந்துப் பெட்டிக்கோ 465. முப்பது வருடம் இதே வேலை பார்த்தவள் அதைச் சரிபார்க்கவில்லை. இத்தனை ஞாயிறும் நான் 7050-இல் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எண்ணை மாற்றினேன். நேற்று முன்தினம் ஞாயிறு. பிளாக் செய்தவன் இனி எங்கே அனுப்பப்போகிறான் என்றுதான் நினைத்தேன். ஆறு அடித்தது. இரைச்சலுக்கு அடியிலிருந்து, மெதுவாக, உன் கை. கடைசிக் கோட்டை எப்போதும் கொஞ்சம் இழுப்பாயே, அதே கை. ஆங்கில எழுத்தில், தமிழில்: "அக்கா சாப்ட்டியா." மூன்று முறை. அவ்வளவுதான். நான் ரேடியோவைப் பார்த்து சாப்பிட்டேன்டா என்று சொன்னேன். மாமா எழுந்து போய்விட்டார், அழுததை நான் பார்க்கக் கூடாதாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அம்மாவை எடுத்த பிறகு நீ கிள்ளான் வீட்டு வாசலில் பையோடு நின்றபோது, எல்லோர் முன்னாலும் "இப்ப எதுக்கு வந்தே?" என்று கேட்டேன். உன் விமானம் தாமதம், இன்னும் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். சின்னையா மாமா காத்திருக்கலாமே என்றார். நான்தான் வேண்டாம், எடுங்கள் என்றேன். கடைசி மூன்று மாதம் அம்மாவைத் தனியாகப் பார்த்த களைப்பு, உன்மேல் ஆத்திரம். உன் கையால் போட வேண்டிய வாய்க்கரிசியை நான் பறித்துக்கொண்டேன். இந்தப் பத்து மாதமும் நீ அது தெரியாமலேயே, தாமதமாக வந்தது உன் குற்றம் என்று சுமந்திருக்கிறாய். உன் குற்றம் இல்லை, தம்பி.

ஐப்பசி வளர்பிறை பஞ்சமியில் அம்மாவின் முதல் திதி. மோரிப் கடற்கரையில் வைத்திருக்கிறோம். பிண்டம் நீதான் வைக்க வேண்டும். நேரம் என்ன என்று ஐயர் கேட்டார். என் தம்பி எப்போது வந்து இறங்குகிறானோ அப்போது என்று சொல்லிவிட்டேன். வெயில் ஏறினாலும், அலை ஏறினாலும், எத்தனை மணி ஆனாலும் நாங்கள் கரையிலேயே உட்கார்ந்திருப்போம்.

முருகன் துணையிருக்க, உடம்பைப் பார்த்துக்கொண்டு வா.

உன் அக்கா,
குமுதா