நான்காவது படத்தில் உன் இடம்

எதிர்வீட்டில் மாடி எடுக்கிறார்கள். இன்று காலை புதுச் சிமெண்டுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். காய்ந்த சுவர் தண்ணீரை உறிஞ்சும்போது மெல்லிய சத்தம் ஒன்று வருமே, அதுவும் கேட்டது. இடுப்பில் குடத்தோடு நீ பக்கத்தில் எங்கோ நிற்பதுபோல இருந்தது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் நீ இருக்கமாட்டாய்.

ஒரே பள்ளிக்கூடத்தில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், நீ மதியச் சாப்பாடு சமைத்தாய். நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னைப் பார்க்க வருவதை நீ நிறுத்தவில்லை. ஆந்திர எல்லையில் இருக்கும் நம் நகரி ஊருக்கு வெளியே பெண்கள் பெயரில் வீட்டுமனை கொடுத்தபோது உனக்கும் ஒன்று கிடைத்தது. கட்டுவதற்கு அரசாங்கம் கொடுக்கும் பணம் போதாது. மீதியை வங்கியில் கடனாக வாங்கிக்கொள்ளலாம், வட்டியில் ஒரு பங்கை அரசாங்கமே ஏற்கும் என்றார்கள். கடன் என்றதும் பவர்லூம் ஓட்டும் உன் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நீ என்னிடம் வந்து, அது எப்படிப்பட்ட கடன் என்று கேட்டாய்.

உன் சாம்பார் அண்டாவைத்தான் உதாரணம் காட்டினேன். தனியாளாகத் தூக்க முடியாது. ஒரு பக்கப் பிடியை நீ பிடித்தால் மறுபக்கத்தை அரசாங்கம் பிடிக்கும். நீ கொஞ்சம் யோசித்தாய்.

"நடுவுல நான் உட்டுட்டா, டீச்சர்?"

"கொட்டிப்போகும்."

"அப்ப உடமாட்டேன்."

அந்த மனைகளில் கல்லைத் தவிர அடையாளம் கிடையாது. நீ நல்ல நாள் பார்த்து, மஞ்சள் வைத்து, தேங்காய் உடைத்துப் பூசை போட்டது அடுத்த மனையில். அஸ்திவாரம் போட நூல் பிடித்த அன்றுதான் அது தெரிந்தது. அந்த மனைக்காரி, "உன் தேங்காயெல்லாம் என் ஊட்டுக்குத்தான்டி பலிக்கும்" என்று சிரித்தாள். நீயும் சிரித்தாய். பிறகு நடந்ததைப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு என் காதில் வேறுமாதிரி ஒலிக்கத் தொடங்கியது. அவள் வீடுதான் முதலில் முடிந்தது.

வீடு ஒவ்வொரு மட்டத்துக்கு வரும்போதும் வீட்டுக்காரியை முன்னால் நிறுத்திப் படம் எடுத்தால்தான் அடுத்த தவணைப் பணம் வரும். ஆபீஸிலிருந்து வந்த இன்ஜினீயர் தம்பி தெலுங்கில் "ஜருகண்டி, ஜருகண்டி" என்று உன்னை நடுவுக்கு நகர்த்தினான்.

"ஏன் நைனா, நான் இன்னா மலைமேல பெருமாளயா சேவிக்க வந்துகீறேன்? என் ஊட்டாண்ட நான் நிக்கிறேன்" என்றாய்.

நீ நகரவில்லை. வாசல் வரப்போகும் இடத்துக்கு இடது பக்கமாகவே நின்றாய். உன் போனில் படம் வராது என்பதால் அவன் என் போனுக்கு அனுப்பிவைத்தான்.

முதல் படம் அஸ்திவாரம். கிளிப்பச்சைப் புடவை, இடுப்பில் கை. இரண்டாவது, ஜன்னலுக்கு மேல்மட்டம் வரை சுவர். அதே புடவை உன்மேல் தளர்ந்திருக்கிறது. வயிற்றுவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. மூன்றாவது, கூரை போட்டாகிவிட்டது. திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து இறங்கியிருந்தாய். தலையில் துண்டு. சுவரில் ஊன்றிய கை குச்சிபோல இருக்கிறது. மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் வீடு ஏற ஏற நீ இறங்கியிருக்கிறாய். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னும் பழகவில்லை.

நீ போன பிறகு வீடு கதவில்லாமல் நின்றது. பூச்சு முடித்துக் கடைசிப் படம் எடுக்கவேண்டும். தவறினால் மீதிப் பணம் வராது, கடன் மட்டும் நிற்கும். ஸ்ரீ சிட்டி தொழிற்சாலையில் வேலை செய்யும் உன் மகள், கடனைத் தன் சம்பளத்தில் கட்டுவதாகச் சொன்னாள். மனையையும் அப்பா பெயருக்கு மாற்றி வாங்கிவிட்டாள். அவர்தான் அந்தப் பக்கம் போகவே மறுத்தார். நான் நேரில் போய்க் கேட்டேன்.

"அந்த ஊடு அவள துன்னுடுச்சு, டீச்சர். நான் போய் அதுல படுத்துத் தூங்கறதா?"

வீடு தொடங்கும் முன்பே நோய் உள்ளே இருந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தப் பயம் எனக்குள்ளும் இருந்தது. அதனால் போனை அவர் கையில் கொடுத்தேன். படம் எடுத்த நாட்களில் எல்லாம் அவர் தறியில் இருந்தார். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. மூன்றாவது படத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இதுல சிரிக்கிறாளா, டீச்சர்?"

"நீங்களே பாருங்கள்."

வெகுநேரம் பார்த்தார். "ஆஸ்பத்திரி போக ஆரம்பிச்சதுலேர்ந்து ஊட்ல அவ சிரிச்சு நான் பாக்கல" என்றார். போனைத் துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரமே பூச்சு வேலை தொடங்கியது. தறிக்குப் போகும் முன் அவரே குடம் தூக்கிச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினார் என்று பக்கத்து மனைக்காரி சொன்னாள். முதல் நாள் விடியற்காலையில் சுவர் ஈரமாக இருந்ததைப் பார்த்து, நீதான் வந்து ஊற்றிவிட்டுப் போனாய் என்று பயந்துவிட்டாளாம்.

கடைசிப் படம் எடுக்க அதே தம்பி வந்தான். உன் வீட்டுக்காரர் புது வேட்டி கட்டி, வாசலுக்கு வலது பக்கம் ஒதுங்கி நின்றார். தம்பி போனைத் தூக்கிக்கொண்டு, "ஜருகண்டி, நைனா" என்றான். அவர் அசையவில்லை. அவன் மறுபடியும் சொன்னான்.

"அந்தாண்ட அவ நிப்பா. நீ எடு."

தம்பி ஒரு கணம் போனைத் தாழ்த்தினான். பிறகு எடுத்தான்.

நான்காவது படமும் என் போனில் இருக்கிறது. கதவு, நிலையில் மாவிலை, வலது பக்கம் அவர். இடது பக்கத்தில் வெறும் சுவர். பூச்சில் இன்னும் முழுக்கக் காயாத ஈரம், ஓர் ஆள் உயரத்துக்குக் கருப்பாகத் தெரிகிறது. தண்ணீர் ஊற்றிய தடம்தான் அது. எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் படத்தைத் திறக்கும்போதெல்லாம், முதலில் அங்கேதான் பார்க்கிறேன்.