சம்புத் தொட்டித் தண்ணீர்

பாண்டி முனி துணை

செல்லூர்,
18.5.1983

அன்பு மகன் காசிமாயனுக்கு உன் அம்மா முத்துத்தாய் சொல்லச் சொல்லத் தங்கை சின்னத்தாய் எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கை மூவரும் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். டெல்லியில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, சப்பாத்தி வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா என்று எழுதவும்.

நீ படம் போட்டு, சம்புக் கோரை நட்டுக் கட்டிய சம்புத் தொட்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தை மாதம் நீ நின்று கட்டிவிட்டுப் போனதிலிருந்து அப்பா ஒரு நாள் தவறாமல் அதைப் பார்த்துக்கொண்டார். வஹீது பாயின் சாயப்பட்டறைக் கழிவு முதல் குழியில் கறுப்பாக விழுந்து, ஜல்லியிலும் மணலிலும் இறங்கி, சம்பு வேருக்குள் புகுந்து, கடைசிக் குழிக்கு வரும்போது கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. மோட்டார் இல்லை, கரண்டு இல்லை, உடைந்த செங்கலும் சுண்ணாம்பும் என்னத்தைக் கிழிக்கும் என்று சிரித்தவர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். வஹீது பாய் அப்பாவிடம், நல்லகாமண்ணே, ஒங்க மகன் வைகையையே கழுவிப்புடுவான் போலயே என்றார். அப்பா அன்றைக்கு இரண்டு டீ குடித்தார்.

சித்திரை பிறந்ததும் ஆற்று மணலில் தோண்டினால்கூட ஊற்று இல்லை, குழாயில் நாலு நாளைக்கு ஒரு தரம்தான் தண்ணீர். அப்போதுதான் அடுத்த வீட்டு இருளாயி கடைசிக் குழியில் ஒரு குடம் மொண்டாள், மறுநாள் தெருவே வந்துவிட்டது. நான் தடுக்கவில்லை. அது குடிக்க ஆகாது, நிறம்தான் போகும், கலந்திருக்கும் மருந்து போகாது என்று நீ எழுதியிருந்ததைச் சின்னத்தாய் வாசித்துக் காட்டினாள்தான். ஆனால் நீ எப்போதும் அப்படித்தானே அய்யா, பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்த அன்றைக்கும் ஏதோ பாஸாகிவிட்டேன் என்றுதானே சொன்னாய். இதையும் அடக்கமாக எழுதுகிறாய் என்று நினைத்து, எம் மகன் தெளிய வச்ச தண்ணி, அள்ளுங்கடி என்று நானே சொன்னேன். நாங்களும் பானையில் ஊற்றி வைத்தோம். சின்னத்தாய்தான் அதைத் தொடவே மாட்டேன் என்றாள்.

யார் கண் பட்டதோ, போன வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் கடைசிக் குழித் தண்ணீர் முழுக்க நீலம். மறுநாளும் நீலம். இதே மாதிரி மற்ற வாய்க்கால்களிலும் கட்டலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவார் என்று எழுதினாயே, அவரும் நீ சொன்ன நாளிலேயே, திங்கட்கிழமை வந்து சேர்ந்தார். குனிந்து பார்த்தார், சாயம் அப்படியே வருதே என்றார், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். இருளாயி தெருவில் நின்று, இம்புட்டுத்தானா ஒன் மகன் படிப்பு, எங் கொடமே நீலமாப் போச்சே என்று கத்தினாள். அப்பா ஜல்லியை எல்லாம் வாரிக் கழுவிப் போட்டும் நீலம் நிற்கவில்லை. வஹீது பாய் இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்கிறார். எனக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. நீ மனசு விட்டுவிடாதே, தப்பு எங்கே என்று யோசித்து உடனே எழுது. இருளாயியின் கைப்பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டு கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது, வெயில் சூடு என்றார்கள், இந்த நாலு நாளாகத் தேவலை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு படம் வரையாதே. பாண்டி முனி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
முத்துத்தாய் (கைநாட்டு)

அண்ணே, இதுவரைதான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மடிப்பு ஓரத்தில் இருக்கும் இது நான் எழுதுவது. தொட்டியில் தப்பு இல்லை. வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை வாங்கி நான்தான் தினமும் காலையில் சருகு பொறுக்கப் போகும்போது கடைசிக் குழியில் கரைக்கிறேன். குடிக்காதீர்கள் என்று சொல்ல இரண்டு நாள் குழி ஓரம் நின்றேன், வாய் வரவில்லை. மூன்றாம் நாள் சொன்னதற்கு இருளாயி மதினி, எட்டாப்போட நின்னவ எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டாடி என்று சிரித்தாள். அவள் இடுப்பில் பிள்ளை தலையைத் தூக்கவில்லை. அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் கரைக்காமல் விடலாம் என்றுதான் போனேன், அன்றைக்கும் ஆறு பேர் குடத்தோடு வந்துவிட்டார்கள். உன் பெயரைக் கெடுத்தவள் நான்தான், அதிகாரிக்கு நீயே எழுதிவிடு.

இன்னும் இரண்டு பொட்டலம் நீலம்தான் இருக்கிறது. அது தீர்வதற்குள் அம்மாவுக்கு ஒரு கடிதம் போடு. அடக்கமாக எழுதாதே. குடித்தால் பிள்ளை செத்துப்போகும் என்று அப்படியே எழுது. குழி ஓரம் நின்று தெருவுக்கே வாசித்துக் காட்டுகிறேன். நீ எழுதியது என்றால் எனக்கு வாய் வரும்.

சின்னத்தாய்