பின்பக்கத்துப் பெயர்

பிப்ரவரி 4
கறுப்புத் தட்டை மடியில் வைத்துத் தூரிகையால் புல் இழுத்தேன். எங்கள் பட்டறையில் கை சுற்றாது, மடியில் தட்டுதான் சுற்றும். இன்று இரண்டும் சுற்றின. பூங்கொத்தின் ஓரத்தில் ஒரே மூச்சில் வரவேண்டிய புல், புழு நெளிந்ததுபோல் வந்தது. துடைத்துவிட்டேன். குளிர்தான் காரணம். (அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருப்பவள் நான்.)

பிப்ரவரி 11
நகரத்து டாக்டருக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. நரம்பு நோய் என்கிறார். குறையாதாம், கூடுமாம்.
"என்ன வேலை பாக்குறீங்க?"
"தகரத் தட்டுல பூ வரையறேன்."
அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பிப்ரவரி 12
மார்ச்சில் தேர்வுக் குழு. தட்டு தேறாவிட்டால் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டு பொட்டலம் கட்டும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு ஒரு யோசனை: கை நடுங்குவது குடியால் என்று நானே கிளப்பிவிடுவது. நோயாளியென்று போனவள் தூரிகைக்குத் திரும்பி வரமாட்டாள். குடிகாரிக்கு எங்கள் ஊரில் மன்னிப்பு உண்டு, மறுபடி மறுபடி உண்டு. ரொட்டிக்கடை வரிசையில் ஒருத்தியிடம் மட்டும், ரகசியம் என்று சொன்னேன். மதியத்துக்குள் பட்டறைக்கு வந்து சேர்ந்துவிட்டது. இத்தனை வருடம் ஊர் வம்பை நான் வளர்த்தேன். இனி அது என்னைக் காப்பாற்றட்டும்.

பிப்ரவரி 14
பக்கத்து இருக்கைக் கபிதோலினா, எங்களுக்குக் காப்பா, போதை தெளிய ஒரு சீசா நிறைய வெள்ளரிக்காய் ஊறிய உப்புத்தண்ணீர் கொண்டுவந்தாள்.
"குடிடீ ரிம்மா. என் புருஷனையே நிமிர்த்தின தண்ணி."
"அவரு செத்து ஆறு வருஷமாச்சேடி காப்பா."
"நிமிர்ந்துதான் போனாரு."

பிப்ரவரி 20
புல் வரவில்லை. இலை நரம்பு வரவில்லை. மகரந்தப் புள்ளி மட்டும் அருமை. கை நடுங்கினால் தானாக விழுகிறது.

பிப்ரவரி 27
குழுவுக்குப் போகவேண்டிய தட்டை நேற்றுப் புல்லில்லாமல் மொட்டையாக மேசையில் விட்டுப் போனேன். காலையில் வந்தால் முடிந்திருக்கிறது. நுனி இடப்பக்கம் சாயும் புல். இங்கே அப்படி இழுப்பவள் ஒருத்திதான். பக்கத்து இருக்கையில் அவள் தேநீரை உறிஞ்சினாள், என்னைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. பின்பக்கம் என் பெயரை மட்டும் எழுதினேன். வெட்கம்கெட்டவள்.

மார்ச் 6
குழுத் தலைவர் இப்போலித் சவ்விச் தட்டை வெளிச்சத்தில் சாய்த்தார். "முப்பது வருஷத்துல நீங்க இழுத்ததுலயே இதாம்மா நல்ல புல்லு."
எல்லாரும் கை தட்டினார்கள். காப்பாவும் தட்டினாள், பாவி.
முப்பது வருஷம்! அப்போ என் புல்லு? நான் இழுத்ததெல்லாம் என்ன, வைக்கோலா?
வாய் தானாகத் திறந்தது. "அது என்னோடது இல்லீங்க. கபிதோலினாவோடது. எனக்குக் கை போச்சு. குடிக்கிறேன்னதும் பொய்."
அவர் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "குடிச்சா வாடை வரும்மா. எங்களுக்கா தெரியாது?"
ஆக, நான் பாடுபட்டுக் கட்டிய ஒரே வதந்தியை ஒருவரும் நம்பவில்லை.

மார்ச் 7
நாளை பெண்கள் தினம். பட்டறையில் ஆளுக்கொரு மஞ்சள் பூங்கொத்து கொடுத்தார்கள். என்னுடையதோடு ஒரு தாளும் இருந்தது. பதினாறாம் தேதி முதல் பொட்டலம் கட்டும் அறை.

மார்ச் 13
கடைசியாக ஒரு தட்டு. இதழ்கள் நான் போட்டேன், அகலத் தூரிகையில் நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது. புல் காப்பா. முடித்ததும் தட்டை விளிம்பில் நிறுத்தி, பின்பக்கத்தை என் பக்கம் திருப்பினாள்.
"பேரை எழுது."
"கோழி கிளறின மாதிரி இருக்கும்டி."
"கிளறு."
விரல்நகம் அளவுக்கு எழுதுவதுதான் வழக்கம். என் எழுத்து இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரம்வரை போய்விட்டது. அவள் பெயருக்கு இடமே இல்லை.
காப்பா அதை ஓரம் முதல் ஓரம்வரை வாசித்தாள். பிறகு, ஈரம் கலையாமல் இரண்டு கையாலும் ஏந்தி, தட்டை உலையில் காயவைக்கக் கொண்டுபோனாள்.