பன்னிரண்டு நாளில் உன்னைக் கூட்டி வந்தேன்

என் செல்லத் தம்பி பிரபு,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் உன் படத்துக்கு மாலை போடுகிறேன், உனக்குப் பிடித்த சேமியா பாயசம் வைக்கிறேன். ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச எனக்கு முகம் இல்லை. இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம், தனியாக எழுதினால் பாதியை மறைத்துவிடுவேன் என்பதுதான்.

பைக்கிலிருந்து விழுந்து தோள்பட்டை உடைந்தபோது வலிக்குக் கொடுத்த மாத்திரை உன்னைப் பிடித்துக்கொண்டது. எலும்பு சேர்ந்த பிறகும் அது விடவில்லை. இரண்டு வருஷம் எங்களுக்குத் தெரியாமலே ஓட்டினாய். கடைசியில் நீயேதான் என்னிடம் வந்தாய். "அக்கா, என்னால நிறுத்த முடியல. எங்கயாவது சேத்து விடு" என்றாய். அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. என் கல்யாணத்துக்குப் பதினாலு நாள்தான் இருந்தது. என் மண்டையில் பத்திரிகையும் புடவையும்தான்.

அடையாறில், உடம்பிலிருந்து போதையை இறக்குகிற டீடாக்ஸ் வார்டில் சேர்த்தோம். சொந்தக்காரர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொன்னோம். வடபழனியிலிருந்து பெரியம்மா கீழாநெல்லியை அரைத்து டப்பாவில் கொடுத்தனுப்பினாள். அதைப் பார்த்து நீ சிரித்தாய். அந்த வாரத்தில் நீ சிரித்தது அது ஒன்றுக்குத்தான். மற்ற நேரமெல்லாம் மூக்கு ஒழுகியது, வாந்தி எடுத்தாய், கால் குடைகிறது என்று கட்டில் கம்பியை உதைத்தாய். ஆறாம் நாள் இரண்டு இட்லி உள்ளே போனது. பத்தாம் நாள் அம்மா உன் கன்னத்தைத் தடவி, "என் பழைய புள்ள திரும்பி வந்துட்டான்" என்றாள். முகம் தெளிந்தால் நோய் போய்விட்டது என்று நினைக்கிற குடும்பம் நம்முடையது. ஆனால் நானும் அப்படி நினைத்தேன் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"இந்தப் பன்னெண்டு நாள்ல உடம்பத்தான் சுத்தம் பண்ணியிருக்கோம்மா. ட்ரீட்மென்ட்டே இனிமேதான். பக்கத்து பில்டிங்ல மூணு மாசம் இருக்கட்டும். இப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா ஆபத்து. மறுபடி எடுத்தார்னா, முன்னாடி தாங்கின அளவை இப்ப இந்த உடம்பு தாங்காது. வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

தலையாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்கூட. கல்யாண வீட்டில் அந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி மேடைக்கு அழைத்து வர மச்சினன் வேண்டும். கழுவியதும் மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். கூடப்பிறந்த தம்பி இருக்கும்போது வேறொருத்தன் சொம்பைத் தூக்கினால் ஊர் என்ன பேசும்? அதைத்தான் நினைத்தேன்.

நீ சொன்னதை இன்றுவரை நம் வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னாய்: "நான் வரலக்கா. பக்கத்து பில்டிங்ல எடம் கீதாம், போயிடறேன். பெரியப்பா பையன் கால் கழுவட்டும். வெளிய வந்தா எனக்கு பயமா இருக்கு."

"மூணே நாள்டா. நீ இல்லன்னா அவங்க வீட்ல என்னை என்ன நெனப்பாங்க? முடிஞ்சதும் நானே கொண்டாந்து விடறேன்" என்றேன். நீ எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டாய். எனக்காகத்தானே வந்தாய்?

கல்யாணத்தன்று உன் கை நடுங்கி, தண்ணீர் அத்தானின் வேட்டியெல்லாம் தெறித்தது. காமாலை வந்த உடம்பு என்று அப்பா சமாளித்தார். போட்டோவில் நீ மோதிர விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். அப்புறம் மறுவீடு, விருந்து, மாமியார் வீட்டு முறைகள் என்று மூன்று நாள் ஒன்பது நாளானது. நீ இரண்டு தரம் போன் செய்தாய். "எப்பக்கா கூட்டிட்டுப் போவ?" என்றாய். "இந்த ஞாயித்துக்கிழமைடா" என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் தி.நகரில், நம் பிளவுஸ் துணிக் கடைக்கு மேலே உன் அறையில், உன்னை அப்பா பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விரலில் மோதிரம் இல்லை. அதைக் கொடுத்துத்தான் மாத்திரை வாங்கியிருக்கிறாய். பழைய அளவே எடுத்திருக்கிறாய். அந்த அளவைத் தாங்காது என்று உனக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டியவள் ஈக்காட்டுத்தாங்கலில் மாமியார் வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வெட்கக்கேடான இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செய்தி வந்ததும் முதலில் எனக்கு அழுகை வரவில்லை. மாமியார் வீட்டில் என்ன காரணம் சொல்வது என்று யோசித்தேன். ஹார்ட் அட்டாக் என்று சொன்னேன். அதுவே நிலைத்துவிட்டது.

போன மாதம் தேனாம்பேட்டை ஆபீசில் கலா என்கிற பெண் என்னோடு சாப்பிட உட்கார்ந்தாள். அவள் தம்பியும் டீடாக்ஸ் வார்டில் இருக்கிறானாம். "ஆளு நல்லா தேறிட்டான்க்கா. பாப்பாவுக்கு வடபழனி கோயில்ல காது குத்தறோம், மாமன் மடியிலதான வெச்சுக் குத்தணும்? வியாழக்கிழமை கூட்டிக்கினு வந்துடப் போறேன்" என்றாள்.

"கூட்டிட்டு வராத" என்றேன். காரணம் கேட்டாள். டாக்டர் சொன்னது, நீ கெஞ்சியது, மோதிரம், எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க தம்பி ஹார்ட் அட்டாக்னு சொன்னீங்களே?"

"பொய்."

நல்ல காரியம் பேசும்போது இதையா சொல்வீர்கள் என்று டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்து, "தள்ளி வெச்சுட்டோம்க்கா. காது எங்கயும் ஓடிப் போயிடாது. மாமியார்தான் திட்டிக்கினு இருக்காங்க" என்றாள். பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு மாமியாரின் திட்டு. என்னால் வாங்க முடியாமல் போனது அவ்வளவுதானா?

உன் பேச்சு வந்தால் அம்மா இப்போதும் ஒன்றுதான் சொல்கிறாள். "அவனுக்குத் திருந்தணும்னு எண்ணமே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தும் நம்மள ஏமாத்திட்டான்." ஆறு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டு, ஊம் கொட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறேன். உன்னைச் சாகக் கொடுத்தது போதாது என்று பழியையும் உன் மேலேயே விட்டுவைத்தேன்.

நாளைக்குக் காலையில் தி.நகர் போகிறேன். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்து அம்மாவிடம் சொல்லப்போகிறேன். அவள் என்னை வீட்டுக்குள் விடாமல் போனாலும் போகட்டும். நீ ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறேன் என்று சொன்னாய், நான்தான் கேட்கவில்லை என்று சொல்வேன். அவள் பிள்ளை பிழைக்கத்தான் ஆசைப்பட்டான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இது சத்தியம்டா.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி அக்கா